பொம்மை கட்டும் பொறுமை

ஆனி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று வீசத் தொடங்கும். குற்றாலத்து மலைமுகடுகளில் மேகம் கவியும்; சாரல் பொழியும். அந்நாள்களில் அருவிக்குச் செல்லும் கடைவீதியில், வண்ண மரச் சொப்புகள் ஓலைப்பெட்டிகளில் நிறைந்திருப்பதைக் கண்டு நின்று பார்க்காத குழந்தை இல்லை எனலாம். அம்மி, உரல், அடுப்பு, குடம், திருகை என நம் சமையலறை முழுவதும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கைவினைஞர்கள் மஞ்சள் கடம்பு போன்ற மரங்களைக் கடைசல் பட்டறையில் கடைந்து, மரம் சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றி உருவாக்கும் பொருள்கள் அவை. வாங்கிய மறுகணமே குழந்தை விளையாடத் தொடங்கலாம். செய்ய வேண்டிய உழைப்பெல்லாம் பட்டறையிலேயே முடிந்துவிட்டது.

அண்மைக் காலமாக நம் இல்லங்கள் சிலவற்றுள் வேறு வகைப் பொம்மை ஒன்றும் வந்து சேருகிறது. ஜப்பான் நாட்டில் பிறந்த பிளாஸ்டிக் ரோபோ மாதிரி அது. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமன்றிக் கல்லூரி மாணவர்களும், வேலைக்குச் செல்லும் இளைஞர்களுங்கூட இதனை விரும்பி வாங்குகின்றனர். இந்தப் பொம்மையில் உழைப்பு முடிந்துவிடவில்லை. வாங்கிய பிறகே அது தொடங்குகிறது.

இங்கேதான் பல வீடுகளில் ஒரு சிறு துயரம் நிகழ்கிறது. ஆசையோடு பெட்டியைத் திறந்த பிள்ளை இரண்டு மணி நேரத்தில் சினந்து எழுகிறான். ஒரு கை இருக்கிறது, ஒரு கால் இல்லை, கொம்பு ஒடிந்துவிட்டது. பெட்டி பரணுக்குப் போகிறது. "காசைக் கரியாக்கினாய்" என்று தந்தை கடிந்துகொள்கிறார். "எனக்குக் கை வராது" என்று பிள்ளை தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். பொம்மை பாழானது பெரிய இழப்பன்று. அந்தத் தீர்ப்புத்தான் பெரிய இழப்பு. ஏனெனில், பொம்மையைப் பற்றிச் சொன்ன அதே சொல்லை அவன் நாளை கணக்கைப் பற்றியும், தொழிலைப் பற்றியும் சொல்லக்கூடும்.

தொடக்கக்காரருக்கு நேரும் இடர்கள் பெரும்பாலும் கையின் குறையால் நேர்வன அல்ல. பொருளின் இயல்பை அறியாமையால் நேர்வன. அறிந்துகொண்டால் அவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம், எஞ்சியவற்றைத் திருத்தலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்கிற்கு

சிறு உருவங்களைப் பெட்டியில் உதிரிகளாக விற்று, வாங்குவோரையே கட்டச் செய்யும் வழக்கம் மேலை நாடுகளில் முன்பே பரவியிருந்தது. இங்கிலாந்தில் 1939-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஏர்பிக்ஸ் நிறுவனம், 1950-களில் கப்பல், விமானம் ஆகியவற்றின் பிளாஸ்டிக் உதிரிகளை மலிவாக விற்று, இப்பழக்கத்தை எளிய குடும்பங்களுக்கும் கொண்டு சென்றது.

ஜப்பானில் இத்தொழிலுக்குத் தலைநகர் என்று சொல்லத்தக்கது சிசுவோகா என்னும் நகரமாகும். இந்நகரின் கதை நம் அம்பாசமுத்திரத்தை நினைவூட்டுவது. அங்கும் மரவேலைதான் பழைய தொழில். இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் தமியா நிறுவனம் 1946-ஆம் ஆண்டு மர வணிகமாகவே தொடங்கிற்று. பின்னர் மர மாதிரிகள் செய்தது. 1960-ஆம் ஆண்டளவில் பிளாஸ்டிக்கிற்கு மாறியது. மரத்தை அறிந்த ஊர் பிளாஸ்டிக்கையும் வசப்படுத்திக்கொண்டது.

ரோபோ மாதிரிகளுக்கு வழி திறந்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். யோசியுகி தொமினோ என்பவர் இயக்கிய 'மொபைல் சூட் கண்டம்' என்னும் அத்தொடர் 1979-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தொடக்கத்தில் அது வெற்றி பெறவில்லை. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பிலேதான் மக்கள் அதனை விரும்பத் தொடங்கினர். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அந்த ரோபோவின் பிளாஸ்டிக் உதிரிப்பெட்டியை 300 யென் விலையில் வெளியிட்டது. அன்று தொடங்கிய வரிசை இன்றளவும் அறுபடவில்லை. தோல்வியென்று கைவிடப்பட்ட ஒன்று பிறகு நிலைபெற்ற கதை இது என்பதை, பெட்டியைப் பரணில் போடத் துணியும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லலாம்.

முதற் பெட்டிகளைப் பசையிட்டு ஒட்ட வேண்டியிருந்தது. வண்ணமும் தீட்ட வேண்டியிருந்தது. 1980-களில் படிப்படியாக, பசையின்றி அழுத்திப் பொருத்தும் முறை வந்தது. 1990-இல் உயர்தர வரிசை, 1995-இல் அதனினும் நுண்ணிய வரிசை, 1998-இல் சில நூறு உறுப்புகள் கொண்ட பெரிய வரிசை என வளர்ந்தது. 2020-இல் தொடக்கக்காரருக்கென்றே, எந்தக் கருவியுமின்றிக் கையால் கழற்றிப் பொருத்தக்கூடிய எளிய வரிசை ஒன்றும் வந்தது.

கதையில் அந்த ரோபோவின் உயரம் 18 மீட்டர். பெட்டியின்மீது 1/144 என்று அச்சிட்டிருந்தால், உருவம் அதன் 144-இல் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருக்கும். 1/100 என்றால் 18 சென்டிமீட்டர். 1/60 என்றால் 30 சென்டிமீட்டர். பின்னக் கணக்கைக் கண்டு அஞ்சும் சிறுவனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

பெட்டிக்குள் பொம்மை இல்லை

பெட்டியைத் திறக்கும் தொடக்கக்காரருக்கு முதல் ஏமாற்றம் அப்பொழுதே காத்திருக்கிறது. உள்ளே பொம்மை இல்லை. மேலட்டையில் வீரமாக நிற்கும் உருவத்திற்குப் பதிலாக, சன்னல் கம்பிபோன்ற பிளாஸ்டிக் சட்டங்கள் சில கிடக்கின்றன. அச்சட்டங்களில் மாங்கொத்தில் காய்கள் தொங்குவதுபோல நூறு அல்லது அதற்கு மேற்பட்ட சிறு உறுப்புகள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. இவற்றுடன் ஒரு விளக்கப் புத்தகமும் ஒட்டுப்படத் தாளும் இருக்கும்.

இச்சட்டம் எப்படி வந்தது என்பதை அறிந்தால் பாதித் தொல்லை தீரும். பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக் குருணைகளை 200 டிகிரி வெப்ப அளவில் உருக்கி, எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துகின்றனர். உருகிய குழம்பு வாய்க்கால்கள் வழியே ஓடி, ஒவ்வோர் உறுப்பின் குழிக்குள்ளும் ஒரு சிறு வாயில் வழியே நுழைந்து நிறைகிறது. சிற்றாற்று நீர் கால்வாய் வழியே ஓடி, வரப்பின் மடைவாய் வழியே வயலுக்குள் பாய்வதைப் போன்றது அது. குளிர்ந்து இறுகியதும் வாய்க்காலில் நின்றது சட்டமாகிறது. வயலில் நின்றது உறுப்பாகிறது. மடைவாயில் நின்றது காம்பாகிறது. ஆகவே காம்பு என்பது அச்சின் குறையன்று. பிளாஸ்டிக் உள்ளே வந்த வழி. அதனை அழகாக நீக்குவதே இக்கலையின் முதற் பாடம்.

உறுப்புகளின் எண் உறுப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை, சட்டத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திற்கும் ஆங்கில எழுத்தொன்று அடையாளமாக இருக்கும். புத்தகத்தின் எழுத்துகள் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை; படமும் எழுத்தும் எண்ணுமே வழிகாட்டப் போதும். ஆர்வ மிகுதியால் எல்லா உறுப்புகளையும் முதலிலேயே வெட்டிக் குவித்துவிடும் பிள்ளை, எது எதுவென்று தெரியாமல் தவிக்கிறான். அறுத்த கதிரைக் கட்டாமல் காற்றில் விட்ட கதைதான். அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது வெட்டுவதே முறை.

முதல் முயற்சியின் ஐந்து இடர்கள்

முதலாவது, வெண்தழும்பு. உறுப்பைக் கையால் முறுக்கிப் பிய்த்தாலோ, காம்பை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினாலோ, வெட்டிய இடம் வெளுத்துப்போகும். சில வேளை பள்ளமும் விழும். பிளாஸ்டிக் நசுங்கி இழுபடுவதால் நேர்வது இது. இருமுறை வெட்டுவதே இதற்குரிய மருந்து. முதல் வெட்டு உறுப்பிலிருந்து சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். உறுப்பு சட்டத்திலிருந்து விடுபட்ட பின், எஞ்சிய காம்பை மெல்ல நறுக்க வேண்டும். பிறகு 400, 600, 1000 என்ற வரிசையில் மென்மையாகிச் செல்லும் உப்புத்தாளால் தேய்த்தால் தழும்பு மறையும். இலேசான வெளுப்பு விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தாலே குறையும். வீட்டில் கம்பி வெட்டும் பெரிய குறடு இதற்குப் பயன்படாது. ஒரு பக்கம் தட்டையாக அமைந்த சிறு நிப்பர் வேண்டும். அது கிடைக்காதபோது கூர்மையான நகவெட்டி ஓரளவு உதவும்.

இரண்டாவது, மறந்த வளையம். கை, கால் மூட்டுகளில் மிருதுவான சிறு வளையங்கள் உள்ளே அமைய வேண்டும். அவற்றை இடாமல் இரு பாதிகளையும் அழுத்தி மூடிவிட்டால், பிறகு பிரிப்பது கடினம். வலக்கையும் இடக்கையும் மாறுவதும் இவ்வாறே நேர்கிறது. மூடுமுன் புத்தகத்துப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பாதி அழுத்திப் பார்த்து, சரியென்று தெளிந்த பின் முழுதும் அழுத்துவது நன்று. பிரிக்க நேர்ந்தால், மூட்டுவாயில் அகன்ற தட்டையான பொருளை மெல்ல நுழைத்து, நான்கு பக்கமும் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஒரு பக்கமே நெம்பினால் உள்ளிருக்கும் முளை ஒடியும்.

மூன்றாவது, காணாமற் போதல். அரிசி மணியளவுள்ள உறுப்புகள் நிப்பரின் வெட்டில் தெறித்து ஓடும். கண்டெடுக்க ஒரு நாள் ஆகும். தென்காசியின் காற்று, வீட்டு மின்விசிறிக்கும் அண்ணன். சாளரத்தை ஒட்டி அமர்ந்து வேலை செய்தால் ஒட்டுப்படம் பறந்துவிடும். விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை மடியில் வைத்து, அதற்குள்ளே வெட்டுவது பழகியவர்கள் கையாளும் உத்தி. வெளிர்நிறத் துணியைத் தரையில் விரித்துக்கொள்வதும் நல்லது.

நான்காவது, கோணிய ஒட்டுப்படம். கையால் எடுத்து ஒட்டினால் விரல் ஈரமும் எண்ணெயும் பசையைக் கெடுக்கும், ஓரம் எழும்பும். இடுக்கியால் எடுத்து, ஒரு மூலையை மட்டும் முதலில் தொடவிட்டு, இடம் சரியென்று கண்ட பின்பே முழுதும் படியவைக்க வேண்டும்.

ஐந்தாவது, ஒடிந்த கொம்பு. ரோபோவின் நெற்றியில் விரிந்து நிற்கும் மெல்லிய கொம்புதான் பெரும்பாலும் முதலில் ஒடிவது. ஆகையால் அதனைக் கடைசியாகப் பொருத்துவதே அறிவுடைமை. அதன் நுனியில் தேவையற்றதுபோல் ஒரு சிறு திரட்சி இருந்தால், அது குழந்தையின் கண்ணைக் குத்தாதிருக்க அமைக்கப்பட்ட பாதுகாப்பு என்று அறிக. சிறுவர் வாழும் வீட்டில் அதனைத் தேய்த்து நீக்காதிருப்பதே நலம்.

சாரல் காலத்துத் தொல்லை

உருவம் கட்டி முடிந்ததும், கடையில் கண்ட படத்தைப்போல் மெருகேற்ற வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. இங்கே நம் ஊரின் இயற்கை ஒரு தடை வைத்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசியிலும் குற்றாலத்திலும் காற்றில் ஈரம் மிகுதி. துவைத்த துணியே உலராத நாள்களில், நீர் கலந்த வண்ணம் எப்படி உலரும்? ஒருநாள் காத்திருந்தும் பிசுபிசுவென்றிருக்கும். அதன்மேல் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும்.

தெளிப்பு மெருகிலோ வேறொரு விபரீதம் நேரும். தெளித்த மெருகின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த செம்பின் புறத்தில் நீர்த்துளி அரும்புவதுபோல, காற்றிலுள்ள ஈரம் அம்மேற்பரப்பில் படிகிறது. மெருகு பாலாடைபோல் வெளுத்துவிடுகிறது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாயிற்றென்று பிள்ளை கலங்குவான். அது பாழாகவில்லை, உலர்ந்த வெயில் நாளில் மீண்டும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எனினும் சிறந்த வழி, சாரல் காலத்தை வெட்டுவதற்கும் பொருத்துவதற்கும் வைத்துக்கொண்டு, மெருகை வெயில் காலத்திற்கு ஒத்திவைப்பதே. விதைக்கும் காலமும் உலர்த்தும் காலமும் வேறென்பது உழவருக்குப் புதிய செய்தியன்று.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் இந்தப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கறை நீக்க அதனைப் பயன்படுத்தலாகாது. எனாமல் வண்ணத்தின் கரைப்பான் இறுக்கமான மூட்டுகளில் புகுந்தால் பிளாஸ்டிக் வெடித்து உடையும். தெளிப்பு மெருகையும் பசையையும் அடைத்த அறையில் கையாளுதல் கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில், முகமூடி அணிந்து, பெரியவர் முன்னிலையிலேதான் செய்ய வேண்டும். பிளேடு பிடிக்கும் கை எப்பொழுதும் உடலுக்கு எதிர்ப்புறமாகவே வெட்ட வேண்டும்.

உடைந்தது முடிந்ததன்று

தென்காசியில் பிறந்தவர்களுக்குச் செப்பனிடுதலின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்குக் கோயில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்குக் குறை நேர்ந்தால் அதனைத் திருத்திக் காப்போரைத் தான் வணங்குவதாகக் கல்லிலே பொறித்து வைத்தான். கட்டியவனே, தன் கட்டடம் பழுதுபடக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, பழுது பார்ப்பவரைப் போற்றிய பெருமை அது. நெடுங்காலம் சிதைந்து நின்ற அக்கோபுரம் 1990-ஆம் ஆண்டு ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து நிற்பதை நாம் அறிவோம்.

பெரியதற்குப் பொருந்துவது சிறியதற்கும் பொருந்தும். ஒடிந்த கொம்பைப் பிளாஸ்டிக்கிற்குரிய பசையால் ஒட்டலாம். அந்தப் பசை மாவுப்பசைபோல் இரண்டுக்கும் இடையே நின்று ஒட்டுவதன்று. இரு விளிம்புகளையும் சிறிது உருக்கி ஒன்றாக்குவது. ஆகவே ஒரு நாள் அசையாமல் விட்டால் உறுதியாக நிற்கும். முளை ஒடிந்தால், இருபுறமும் நுண்ணிய துளையிட்டு, காகிதம் செருகும் கம்பியில் ஒரு துண்டை வெட்டி உள்ளே செருகி ஒட்டலாம். மூட்டு தளர்ந்து கை தொங்கினால், அதன் குமிழில் மெல்லிய பசைப் பூச்சு கொடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு பொருத்தினால் மீண்டும் இறுகும். உலருமுன் பொருத்தினாலோ கை அசையாமலே ஒட்டிக்கொள்ளும். இங்கும் பொறுமையே கருவி.

இன்னொரு செய்தி வியப்பூட்டுவது. வெட்டி எறியும் சட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி, பிளாஸ்டிக் பசையில் ஊறவைத்தால் கூழாகக் கரைகிறது. அதே நிறம், அதே பொருள். இடைவெளியையும் பள்ளத்தையும் அடைக்க அதனைவிடச் சிறந்த பூச்சு இல்லை. குப்பையென்று ஒதுக்கிய சட்டமே குறையை நிறைக்கிறது.

பெற்றோர் செய்யத் தக்கதும் தகாததும்

பிள்ளை தடுமாறும்போது பெற்றோர் இரண்டு தவறான வழிகளுள் ஒன்றில் செல்கின்றனர். ஒரு சாரார் கடிந்துகொள்கின்றனர். மற்றொரு சாரார் அன்பின் மிகுதியால், "கொடு, நான் செய்து தருகிறேன்" என்று வாங்கித் தாமே முடித்துவிடுகின்றனர். முதல் வழி பிள்ளையின் துணிவைப் பறிக்கிறது. இரண்டாம் வழி அவனுடைய வெற்றியைப் பறிக்கிறது. தந்தை கட்டிய ரோபோ அலமாரியில் எவ்வளவு அழகாக நின்றாலும், பிள்ளையின் கண்ணுக்கு அது கடையில் வாங்கிய பொம்மையே.

நம் வட்டாரத்துப் பல இல்லங்களில் பீடி சுற்றும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். பேசிக்கொண்டே, பாராமலே, இலையை அளவுத் தகட்டின்படி கத்தரிக்கும் அவர்தம் விரல்களின் வேகம் முதல் நாளில் வந்ததன்று. பத்தமடைப் பாய் நெய்யும் கையும், அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறையில் உளி பிடிக்கும் கையும் அவ்வாறே. முதலில் கெட்ட இலை எத்தனை, அறுந்த கோரை எத்தனை, பிளந்த மரம் எத்தனை! கை வருவது என்பது பிறவிப் பேறன்று. கெடுத்துக் கெடுத்துத் தேறுவது. இதனைப் பாட்டியோ தாயோ தம் தொழிலைக் கொண்டே பிள்ளைக்குச் சொன்னால், நூறு அறிவுரைகளினும் அது பயன் தரும்.

அருகில் அமர்ந்திருத்தல், வெளிச்சம் சரியாக விழுமாறு விளக்கை நகர்த்துதல், தெறித்த உறுப்பைத் தேடிக்கொடுத்தல், "அடுத்த எண் என்ன?" என்று கேட்டுப் படித்துக் காட்டச் சொல்லுதல் ஆகிய இவையே பெற்றோரின் பங்கு. சினம் தலைக்கேறும் நேரத்தில், "இன்று இவ்வளவு போதும், நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லி விளக்கை அணைப்பதும் பெரிய உதவியே. களைத்த கையே மிகுதியாக உடைக்கும்.

அண்ணனும் தம்பியும் ஒரே பெட்டிக்குச் சண்டையிட்டால், ஒருவன் வெட்ட மற்றவன் தேய்க்கட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகளுக்கு இது உரியதன்று என்று விலக்குவதும் வேண்டாம். நுண்ணிய வேலையில் விரல் பழகுவதற்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை.

செலவும் துப்பாக்கியும் குப்பையும்

பெற்றோர் எழுப்பும் மூன்று ஐயங்கள் நியாயமானவை. முதலாவது செலவு. ஜப்பானில் மலிவாகக் கிடைப்பது இங்கு வந்து சேரும்போது ஆயிரம் ரூபாயை எட்டுகிறது. பெரியவை அதனினும் பல மடங்கு. கப்பற்கூலியோடு தீர்வையும் காரணம். பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. எனவே பிறந்தநாள், தேர்வு முடிவு போன்ற நாளில் ஆண்டுக்கு ஒன்று என்று வரையறுப்பதே குடும்பத்திற்கு ஏற்றது. முதற் பெட்டி சிறியதாக, எளியதாக இருக்கட்டும். நூற்றுக்கணக்கான உறுப்புகள் கொண்ட பெரிய பெட்டியை முதலில் வாங்கித் தருவது, நீந்தத் தெரியாதவனை வெள்ளம் பெருகிய அருவியில் நிறுத்துவது போலாகும். கட்டாத பெட்டிகளை வாங்கி அடுக்கும் ஆசைக்கும் இடங்கொடுக்கலாகாது. ஒன்றை முடித்த பிறகே மற்றொன்று என்னும் ஒழுங்கு நன்மை தரும்.

இரண்டாவது ஐயம், உருவத்தின் கையில் இருக்கும் துப்பாக்கி. போர்க் கருவிகளைப் பிள்ளைகள் விளையாட்டாகக் கருதிவிடுவரோ என்னும் கவலை வீணானதன்று. ஆயினும் இந்த ரோபோ பிறந்த கதை போரைப் போற்றுவதன்று. விரும்பாமலே போரில் சிக்கிய ஒரு சிறுவனின் துன்பத்தையும், இருபுறத்தாரும் அடையும் இழப்பையும் சொல்வது. அதனைப் பிள்ளையோடு பேசுவதற்கு, மேசையருகே சேர்ந்து அமர்ந்திருக்கும் வேளை நல்ல வாய்ப்பு. துப்பாக்கியைப் பொருத்தாமலே உருவத்தை நிறுத்தி வைக்கவும் தடையில்லை.

மூன்றாவது, குப்பை. உறுப்புகள் போகச் சட்டங்கள் எஞ்சும். ஜப்பானில் அந்த நிறுவனமே 2021 முதல் எஞ்சிய சட்டங்களைத் திரும்பச் சேகரித்து மறுபயன்பாட்டிற்குக் கொண்டுவருகிறது. நம் ஊரில் அவற்றை எரித்தல் கூடாது. கரும்புகையும் நச்சு ஆவியும் எழும். சிற்றாற்றிலோ ஓடையிலோ எறிதலும் கூடாது. சிறிதளவு பழுது பார்க்க வைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடமோ, தரம் பிரித்துச் சேகரிக்கும் தூய்மைப் பணியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒரு பொருளைச் செய்து முடிப்பதில், செய்த இடத்தைத் தூய்மை செய்வதும் அடங்கும் என்பதைப் பிள்ளை இங்கே கற்றுக்கொள்வான்.

கிடைக்கும் பயன்

இத்தனை இடர்களுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன?

முதலில், உருவம் எழும் விந்தை. பாதங்கள் இரண்டு, பிறகு கால்கள், பிறகு இடுப்பு என்று தனித்தனியே மேசைமீது கிடந்தவை, மார்போடு சேரும் அந்த வேளையில் திடீரென்று நிற்கத் தொடங்கும். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது அப்பொழுது ஓர் ஆளாகிவிடுகிறது. முழங்காலை மடக்கினால் மடங்குகிறது. தலையைத் திருப்பினால் திரும்புகிறது. உள்ளே எந்த வளையம் எங்கே இருக்கிறது என்பது கட்டியவனுக்கு மட்டுமே தெரியும். வாங்கியவர் பெறுவது உடைமை. கட்டியவர் பெறுவது அறிவு.

அடுத்து, படித்துச் செய்யும் பழக்கம். சொல்லின்றிப் படத்தால் மட்டும் உணர்த்தப்பட்ட கட்டளையைப் பொருள் கொண்டு, வரிசை தவறாமல் நிறைவேற்றுதல் எளியதன்று. பிற்காலத்தில் மருந்துச் சீட்டைப் படிப்பதற்கும், இயந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கும், வரைபடத்தைக் கொண்டு வீடு கட்டுவதற்கும் அதே பழக்கம் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, தன் தவற்றோடு வாழக் கற்றல். முதல் உருவத்தில் எங்கோ ஒரு வெண்தழும்பு இருக்கும். ஓர் ஒட்டுப்படம் சற்றுக் கோணியிருக்கும். அதனை மறைக்கவோ, முழுதும் எறிந்துவிடவோ வேண்டியதில்லை. அப்படியே அலமாரியில் நிற்கட்டும். ஓராண்டு கழித்து இரண்டாவது உருவம் அதன் பக்கத்தில் வந்து நிற்கும்போது, தன் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைப் பிள்ளை ஒரே பார்வையில் காண்பான். பிறர் சொன்ன பாராட்டு மறந்துபோகலாம். தன் கண்ணால் கண்ட வளர்ச்சியை எவராலும் மறுக்க முடியாது.

உங்கள் இல்லத்துப் பரணிலும் பாதி கட்டிய பெட்டியொன்று கிடக்குமாயின், இந்த விடுமுறையில் அதனை இறக்கித் தூசு தட்டுங்கள். உள்ளிருப்பவற்றை ஒரு தட்டில் பரப்பி, புத்தகத்தில் எந்த எண் வரை முடிந்திருக்கிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். ஒடிந்தது இருந்தால் முதலில் அதனை ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். மறுநாள் மாலை அருகில் அமர்ந்து, அடுத்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.